எட்டு நாள், ரைடு கேட்காமல்

போன சனிக்கிழமை மத்தியானம் பிளெய்ன்ஸ்பரோவில் நண்பர் செந்தில் வீட்டில் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகிற விருந்து. நாங்கள் இத்தாலி போய் வந்த கதைதான் அன்றைக்கு எல்லோருக்கும் தொட்டுக்கொள்ள. தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டு செந்தில்தான் முதலில் ஆரம்பித்தார்.

"என்ன கார் எடுத்தீங்க? எஸ்யூவியா?"

"கார் எடுக்கல" என்றாள் என் மனைவி கல்பனா.

ஹாலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நியூ ஜெர்சியில் வேலை போய்விட்டது என்று சொல்லலாம், கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். கார் எடுக்கவில்லை என்றால் மட்டும் விழிப்பார்கள். செந்தில் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "லைசென்ஸ்ல ஏதும் ப்ராப்ளமா?"

ப்ராப்ளம் லைசென்ஸில் இல்லை. எங்கே என்று சொல்கிறேன்...

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். எங்காவது போகலாம் என்று நான்தான் பேச்செடுத்தேன். தென் இத்தாலி, கடற்கரை, சின்னச் சின்ன ஊர்கள். கல்பனா உடனே சரி என்றாள். ஒரே ஒரு கண்டிஷன்.

"கார் வேண்டாம். ஒரு எட்டு நாள் நான் யார்கிட்டயும் ரைடு கேக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

"யார்கிட்டயும்னா... என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயுந்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். கல்பனா கார் ஓட்டுவதில்லை, எங்கே போனாலும் யாரிடமாவது ரைடு கேட்டுத்தான் போக வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது, ஏர்போர்ட்டில் காட்ட மட்டும் பயன்படும். பதினாறு வருடத்துக்கு முன் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். பின் சீட்டில் நாலு வயது மகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்பனா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நானும் ஒரு வருடம் தைரியம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் பழகிவிட்டது. எனக்கு, அதாவது.

கார் வேண்டாம் என்றதும் நான் என் வேலையைக் காட்டினேன். ஆபீஸில் ப்ராஜெக்ட் மேனேஜர் அல்லவா? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். பதினோரு ஊர். வியூ, பீச், சாப்பாடு, ரிவியூ எல்லாவற்றுக்கும் மார்க். பொசிட்டானோ முதலிடம், ஓஸ்துனி இரண்டாமிடம். வண்ண வண்ணமாகக் கட்டம் கட்டி ப்ரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பொசிட்டானோல டிரெயின் இருக்கா?"

"இல்ல. பஸ் இருக்கு. போட் இருக்கு."

"பஸ் ஃபுல்லா வந்தா நிறுத்தாம போயிடுவான். காத்து அடிச்சா போட் கிடையாது. அழகான ஊர்தான், ஆனா அங்கயும் ஒருத்தர் தயவுல நிக்கணும். வேண்டாங்க."

சரி, ஓஸ்துனி. குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று ஊர், கொஞ்ச தூரத்தில் கடல். ஊர் பேரிலேயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. இதில் என்ன குறை சொல்ல முடியும் என்று தெம்பாகவே இருந்தேன்.

"நீங்க பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல இறங்கினா பிரின்ஸ்டன் வந்துடுமா?" என்றாள்.

இருபது வருடமாக தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காரை நிறுத்தி ரயில் ஏறுகிறவன் நான். அங்கிருந்து பிரின்ஸ்டன் ஊருக்கு இன்னொரு குட்டி ரயில் பிடிக்க வேண்டும் என்று ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். மேப்பைத் திறந்து பார்த்தால், ஓஸ்துனி ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மேடு.

என் ஷீட் அத்தோடு குப்பைக்குப் போனது. மகளின் காலேஜிலிருந்து வந்த கவர் ஒன்றின் பின்பக்கம் கல்பனா தன் கேள்விகளை எழுதினாள். நாலே கேள்வி. ஸ்டேஷனிலிருந்து தங்கும் இடத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியுமா? வழி முழுக்க நடைபாதை உண்டா? பாலும் பழமும் நடக்கிற தூரத்தில் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை என்ன ஓடும், சாயங்காலம் திரும்பி வர கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

"அது அஞ்சு கேள்வி" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பத்து நாள் அவள் கம்ப்யூட்டரில் நடந்தாள். வேறு எப்படிச் சொல்வது? மேப்பில் தெருவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒவ்வொரு அடியாக மௌஸைத் தட்டித் தட்டிப் போவாள். "இங்க நடைபாதை முடிஞ்சுடுது" என்று ஒரு ஊரை அடிப்பாள். "இதுல ஞாயித்துக்கிழமை டிரெயின் இல்ல" என்று இன்னொன்றை அடிப்பாள். நான் ஒரு ஊருக்குப் போகும் ரயில் நேரத்தைக் காட்டினால், "போற டிரெயின யாரு வேணா பாக்கலாம், வர்ற டிரெயின பாருங்க" என்பாள். இதையெல்லாம் இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் பதினோரு ஊரில் ஒன்றுதான் நின்றது. மொனோபோலி. அதுவும் என் ஷீட்டில் ஒன்பதாவது இடத்தில் இருந்த ஊர். பாரி நகரத்திலிருந்து லெச்சே போகும் மெயின் ரயில் லைனில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பழைய ஊர் கால் மணி நடை, சமதரை. ஊருக்குள்ளேயே துறைமுகம், கையகலத்துக்கு ஒரு பீச். அங்கிருந்து மற்ற ஊர்களுக்கு ரயிலில் போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். எட்டு நாளும் ஒரே வாடகை வீடு, ஒரே சாவி.

போய்ச் சேர்ந்த பிறகு சொல்ல அதிகம் இல்லை. எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. நன்றாக நடக்கிற பயணத்தைப் பற்றி யாராவது கட்டுரை எழுத முடியுமா?

ஆறாம் நாள் காலை எழுந்து பார்த்தால் கல்பனா இல்லை.

டைனிங் டேபிளில் ஒரு சீட்டு. "பொலிஞானோ போறேன். மதியம் வந்துடுவேன். காபி பொடி மேல் ஷெல்ஃபில்." போன் பண்ணினேன். பெட்ரூமில் சார்ஜரிலிருந்தே மணி அடித்தது.

பொலிஞானோ அடுத்த ஸ்டேஷன். ரயிலில் ஐந்து ஆறு நிமிடம். இருந்தும் எனக்குப் பயமாகிவிட்டது. பாஷை தெரியாத ஊர், போன் இல்லை, தனியாகப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாத ஒரு மணி நேரம் இதுவரை இருந்ததே இல்லை. கொண்டுபோய் விடுகிறவனே நான்தானே? காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு ரயில் வந்தது, அவள் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. பயம் போய் கோபம் வந்தது.

மூன்றாவது ரயிலில் வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம் நிறையச் செர்ரி. கொஞ்சமும் அவசரமில்லாமல் இறங்கினாள்.

"ஏங்க, என்ன இங்க வந்து நிக்கறீங்க? பசிக்குதா?"

"எழுப்பிச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எழுப்பியிருந்தா நானும் வரேன்னு கிளம்பியிருப்பீங்க." ஒரு செர்ரியை என்னிடம் நீட்டினாள். "பதினாறு வருஷமா எங்க போகணும்னாலும் யாருக்காவது ஒரு டைம் சொல்லணும். திரும்பறதுக்கு ஒரு டைம் சொல்லணும். நான் அஞ்சு நிமிஷம் லேட்டானா பார்க்கிங் லாட்ல யாராவது இன்ஜினை ஓட விட்டு உக்காந்திருப்பாங்க. இன்னிக்கு கடலைப் பாத்துட்டு இருந்தேன், மணியாச்சுன்னு தெரிஞ்சுது. வேணும்னே ஒரு டிரெயின விட்டுட்டேன். நல்லா இருந்துச்சுங்க."

பார்க்கிங் லாட்டில் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நான்தான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. செர்ரியைத் தின்றுகொண்டே வீடு வரை நடந்தோம்.

ஒன்பதாம் நாள் நூவர்க் ஏர்போர்ட்டில் இறங்கி, ரயில் பிடித்து, பிரின்ஸ்டன் ஜங்ஷன் வந்தோம். செந்தில் காரோடு காத்திருந்தார். கல்பனா பின் சீட்டில் ஏறி பெல்ட் போட்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் செந்தில், உங்களுக்குத்தான் சிரமம்."

பதினாறு வருடமாக அவள் யார் காரில் ஏறினாலும் சொல்கிற வாக்கியம். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. மனசு கஷ்டமாக இருந்தது.

வீடு வரும் வரை பழைய நாட்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் நாங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவள் லைப்ரரிக்குப் போவாள், இந்தியன் கடைக்குப் போவாள், என்னிடம் கேட்டதில்லை. அங்கிருந்து வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கினேன். நான் அப்போதும் ஒரு ஷீட் போட்டேன். ஸ்கூல் பார்த்தேன், இரண்டு கார் கராஜ் பார்த்தேன், பூஜை அறை எந்தத் திசை என்று பார்த்தேன். வாசலைத் தாண்டினால் நடைபாதை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அங்கே போன பிறகுதான், வேறு வழியில்லாமல், அவள் கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை பாட்லக் முடிந்து கிளம்பும்போது செந்தில் மறுபடி பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர்களும் இத்தாலி போகிறார்களாம். "அந்த கொஸ்டின்ஸ் லிஸ்ட்டை எனக்கு ஃபார்வர்டு பண்ணுங்க."

இன்னும் அனுப்பவில்லை. அந்தக் கவர் என் மேஜை மேல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நானும் கல்பனாவும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்... ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில்.