காய்ச்சல் விட்டதை நம்பாதவர்

முனைவர் தேவகிருபை இறந்துவிட்டார் என்று எங்கள் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நான் நம்பவில்லை. உயிரோடிருக்கும் கேன்டீன் மேஸ்திரிக்கு ஒரு முறை மாலை போட்ட குழு அது. செய்தியைப் போட்டவரைக் கூப்பிட்டு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இன்னொருவர் அனுப்பினாராம். கடைசியில் தேவகிருபை அம்மாவின் எண்ணுக்கே போன் செய்தேன். அவருடைய தங்கை எடுத்து, "ஆமா சிஸ்டர், காலைல எழுந்துக்கவே இல்ல" என்றார்.

மதியத்துக்குள் குழுவில் அடுத்த கதை வந்துவிட்டது: கொசுவை ஆராய்ந்தவரைக் கொசுவே கொன்றுவிட்டதாம். அவரை அறிந்த உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் போனது மாரடைப்பில். அவர் ஆராய்ந்ததும் கொசுவை அல்ல. கொசு கொண்டுவரும் வைரஸ் உள்ளே நுழைந்தபின் மனித உடம்பு என்ன செய்கிறது என்பதைத்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் செவிலியர். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. தலைவலி என்று வருகிறவனிடமும் நேற்று என்ன ஷிஃப்ட் என்று விசாரித்துவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் இந்த அம்மா வந்து, மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் தொழிலாளர்களின் ரத்தம் வேண்டும் என்றார். காய்ச்சல் வந்தவர்களுடையது மட்டுமல்ல, நன்றாக இருப்பவர்களுடையதும் வேண்டுமாம்.

"நல்லா இருக்கறவன் ரத்தம் உங்களுக்கு எதுக்கு? யாருக்கு விக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பென்னலூரில் பிறந்தவர், எத்தனை படித்தாலும் பேச்சு மாறவில்லை. "டெங்குல நாலு வகை கீது சிஸ்டர். கேட்ல நிக்கிற செக்யூரிட்டி மொத தடவ வந்த திருடன புடிச்சிட்டான்னு வெச்சுக்குங்க. அடுத்த தடவ அதே ஜாடைல வேற ஒருத்தன் வரான். புடிக்கலாம்னு கைய போடறான். புடியும் சரியா இல்ல. கைய புடிச்சிக்கினே செக்யூரிட்டியே அவன உள்ள இட்டுக்கினு போயிடறான். ரெண்டாவது தடவ வேற வகை டெங்கு வந்தா சில பேரு ஒடம்புல அப்படித்தான் நடக்குது, உசுருக்கே ஆபத்தாயிடுது. ஏன் சில பேருக்கு மட்டும்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் காய்ச்சலுக்கு முன்னாடி இருந்த ரத்தமும் வேணும்."

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே என் சந்தேகம் கூடியது. எங்கள் எச்.ஆர். மேலாளர் இந்த ஆய்வுக்கு அவ்வளவு சீக்கிரம் அனுமதி கொடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். "ஏற்கெனவே டெங்கு வந்தவங்க யாருன்னு தெரிஞ்சா, ஆள் எடுக்கும்போது அவங்கள ஒதுக்க நமக்கு வசதி" என்று என்னிடமே சொல்லியிருந்தார். அதனால் பெயர்கள் என்னிடம்தான் இருக்கும், உங்களுக்கு எண் மட்டும்தான் என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னேன். "எனக்கும் அதான் வேணும். ஆனா ஒரு நம்பருக்கு ஒரே ஆளு. ரெண்டு தடவையும் அவனே கைய நீட்டணும்" என்றார்.

அவருடன் ஒரு முறை இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்குப் போனேன். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் கண்காணிக்கத்தான் போனேன். நல்ல வெயில் நேரம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் கதவைத் திறந்துபோட்டு வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்த ஒருவனிடம் அம்மா கேட்டார்: "கொசுவத்தி எப்ப கொளுத்துவீங்க?"

"பொழுது சாஞ்சதும்மா. டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

"அப்புறம் ராத்திரி ரூம்ல யாரு கீறா?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப வத்தி யாருக்கு, செவுத்துக்கா? இந்தக் கொசு பகல்ல கடிக்கிறது. நீங்க பகல்ல தூங்கறவங்க. இப்ப கொளுத்துங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் அதுவரை அதை யோசித்ததில்லை. ஆனால் ஒருவர் நல்லது சொல்கிறார் என்பதற்காக அவரை நம்பிவிட முடியுமா? நான் நம்பவில்லை.

மழைக்குப் பிந்தைய ரத்தத்தை அவருடைய ஆய்வகப் பெண் வந்து எடுத்துப் போனாள். மறுநாள் பிற்பகல் அம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஓர் எண்ணைச் சொன்னார்.

"மழைக்கு முன்னாடி இந்த ரத்தத்துல டெங்கு ஒருவாட்டி வந்துபோன அடையாளம் இருந்துச்சு. இப்ப எதுவுமே இல்ல. ரத்தம் இப்படி மறக்காது சிஸ்டர். இது வேற ஆளு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த எண் முருகேசனுடையது; விருதுநகர்ப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் தொழிலாளி. தொடர்ந்து சில நாள் வராவிட்டால் கான்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவார். அதனால் உடம்பு சரியில்லாதவனின் கேட் பாஸை மாட்டிக்கொண்டு, அறைத்தோழன் தன் ஷிஃப்ட் போக அவனுடைய ஷிஃப்டிலும் உற்பத்தி லைனில் நிற்பது இங்கே உண்டு. தொப்பியும் முகக்கவசமும் போட்டால் யார் பார்க்கிறார்கள்? முருகேசன் இடத்தில் அவனோடு தங்கியிருக்கும் குமார் நின்றிருக்கிறான். ரத்தம் எடுக்க முருகேசனை வரச்சொல்லி நான் லைனுக்கு ஆள் அனுப்பியபோது, தான் அவனில்லை என்று சொல்ல முடியாமல் ஆய்வகப் பெண்ணிடம் கையை நீட்டியிருக்கிறான்.

"எனக்கு எதுவும் தெரியாது மேடம்" என்றேன். இந்த அம்மா அடுத்து எச்.ஆர். அறைக்குப் போவார், இரண்டு பையன்களுக்கும் இன்றே வேலை போகும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"யாருன்னு நான் கேக்கல. அந்த நம்பர ஆராய்ச்சில இருந்து எடுத்துடுவேன். ஆனா மொத ரத்தம் குடுத்தவன் ஏன் வேலைக்கு வரல? அவனுக்கு இப்ப காய்ச்சல்னா அது ரெண்டாவது வாட்டி. அவன் எங்க கீறான்னு நீங்க போய்ப் பாருங்க. நான் கூட வரல. எந்த ரூம்னுகூட எனக்குத் தெரிய வேணாம்."

தன் கார் சாவியை மேசைமேல் வைத்தார். அதையும் நான் நம்பவில்லை. சாவியை அங்கேயே விட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் யாராவது பின்னால் வருகிறார்களா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

முருகேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "காய்ச்சல் விட்ருச்சு சிஸ்டர், நாளைக்கு நானே வந்துருவேன்" என்று சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. காலையிலிருந்து வாந்தி, வயிற்றுவலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். அவன் அசையவில்லை.

"குமார் என் பேர்ல லைன்ல நிக்கான். அதே பேர்ல நான் ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா ரெண்டு பேருக்கும் வேல போயிரும் சிஸ்டர்."

காப்பீட்டு அட்டையைக் காட்டினால்தானே கம்பெனிக்குத் தெரியும்? அரசு மருத்துவமனையில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று திட்டி எழுப்பினேன். ஸ்கூட்டரில் உட்காரும் நிலையில் அவன் இல்லை. வெட்கத்தை விட்டு அம்மாவுக்குப் போன் செய்து, எந்தத் தெரு, எந்த அறை என்று சொன்னேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்தார். இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார். முருகேசன் பிழைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அம்மா சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்: "காய்ச்சல் அடிக்கும்போது எல்லாரும் பயப்படறாங்க. காய்ச்சல் வுட்டதும் சந்தோஷப்படறாங்க. அப்பதான் சந்தேகப்படணும் சிஸ்டர். அது போயிட்டா மாதிரி கீதுன்னா, எங்க போச்சுன்னு பாக்கணும்."

எச்.ஆர். மேலாளர் பிறகு அவரைக் கூப்பிட்டு, ஓர் எண் மட்டும் ஏன் விடுபட்டது என்று கேட்டார். நானும் அங்கேதான் நின்றேன். "அதுல எனக்குச் சந்தேகம் வந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார். அது யாருடையது, டெங்கு வந்தவர்களின் பெயர்கள் எங்கே என்றும் மேலாளர் கேட்டார். "என்கிட்ட பேரே கெடையாது சார்" என்றார். அடுத்த மழைக்கு எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதே ஆட்களை அடுத்த ஆண்டும் பார்த்தால்தான் அவருடைய கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். முழுவதையும் சேரப்பணஞ்சேரியில் வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து தொடங்கினார். உங்களை இத்தனை நாள் நம்பாமல் இருந்தேனே, என்மேல் வருத்தமா என்று கேட்டேன்.

"நீங்க என்ன நம்பியிருந்தாத்தான் எனக்கு வருத்தம். யாரு வந்து கேட்டாலும் ரத்தத்த குடுத்துடுவீங்கன்னு அர்த்தம்" என்றார்.

பென்னலூரில் அடக்கம் நடந்த அன்று வேலைநாள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் முருகேசனும் குமாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பழக்கம் விடுமா? கிட்டே போய்க் கேட்டேன்: "ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க. அப்ப உங்க பாஸ்ல அங்க யாருடா?"

"யாரும் இல்ல சிஸ்டர்" என்றான் முருகேசன். "ரெண்டு பேரும் அவங்கவங்க பேர்லயே லீவு சொல்லிட்டு வந்தோம்."

அங்கேதான் அழுதேன்.

அவருடைய விடை எனக்குத் தெரியாது. அவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. என்னிடம் இருப்பது அவருடைய சந்தேகம் மட்டும்தான். என்னுடையது ஆட்கள்மேல் வருவது. அவருடையது ஆட்களுக்காக வந்தது. நேற்று ஒருவன் என் அறை வாசலில் நின்று, "காய்ச்சல் வுட்டுட்ச்சு சிஸ்டர், ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க, வேலைக்குப் போறேன்" என்றான். நான் பேனாவை எடுக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லி, அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன்.