தண்ணிப் பாம்பும் மூட்டை முடிச்சும்

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பாம்பு எங்கள் முருகேசனைக் கடித்துவிட்டது. தப்பு பாம்பின் மேல் இல்லை... இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முருகேசன் மிளகு குடோனில் சாக்கு தைப்பவர். நான் அங்கே கணக்கு எழுதுபவன். மழைத் தண்ணீர் ஏறிய மூலையில் சாக்கை இழுத்தபோது, வலது ஆள்காட்டி விரலில் சுரீர்! கோணூசி பிடிக்கிற விரல். அது இல்லையென்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பாம்பை அடித்துப் போட்டார்கள். அது என்ன பாம்பு என்று பார்க்க யாருக்கு நேரம்? தங்கவேலு மேஸ்திரி சணல் கயிற்றால் விரலடியில் முடிச்சுப் போட்டார். மூட்டை கட்டுகிற முடிச்சு — இழுக்க இழுக்க இறுகும். அடுத்து வந்தவர் அதன்மேல் இன்னொன்று. வந்தவன் சும்மா போவானா?

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கய்யா" என்றேன்.

"சாரே, விஷவைத்தியர் வந்து அவுக்கற வரைக்கும் கட்டைத் தொடப்படாது" என்றார் மேஸ்திரி.

வைத்தியரோ திருப்பூணித்துறையில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். காத்திருந்தார்கள். சாயா குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்!

மதியம் முருகேசனின் மனைவி செல்வி ஓடிவந்தாள். "ஐயோ, விரல் கறுத்துப் போச்சே! கட்டை அவுத்து விடுங்கண்ணே!"

"கறுக்குதுன்னா விஷம் ஏறுது தங்கச்சி" என்று மேஸ்திரி இன்னும் இறுக்கினார். என்ன மூளை! ராக்கெட் விடுகிற காலத்தில், விரலுக்கு ரத்தம் வேண்டும் என்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் செல்வி போட்ட கூச்சலில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், செத்த பாம்பையும் எடுத்துக்கொண்டு. டாக்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது நீர்க்கோலி. வெறும் தண்ணிப் பாம்பு, விஷமே இல்லை. ரத்தம் போகாமத்தான் விரல் செத்துப் போச்சு, கேட்டோ?"

நேற்று விரலை எடுத்துவிட்டார்கள்.

இன்று மேஸ்திரி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வெட்கப்பட்டாரா? அதெல்லாம் இல்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி, "நாங்க கட்டுப் போடலைன்னா இன்னிக்கு இவன் இல்லை!" என்றார். முருகேசன், பாவம், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார்.

செல்வி பழத்தை வாங்கி வைத்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவை இவரைப் பாம்பு கடிச்சா, பாம்பு மட்டும் போதும். நீங்க வர வேண்டாம்."