ஒரே ஒரு தாள்

காலை 5.20. ஹாலுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மேஜை மேல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு விளக்கு. முந்தைய நாள் வாங்கி வந்த லேசர் பிரிண்டர். வைஃபையோடு அதைச் சேர்த்து வைப்பதற்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது. டோனரைக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அது படுக்கவில்லை.

அடுத்த நிமிடம் கேட்டைத் தட்டும் சத்தம்.

பிரிண்டர் வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியதைத் தாளில் பார்த்துத் திருத்தினால்தான் எனக்குத் திருப்தி. கலர் வேண்டாம், கருப்பு போதும். மை காய்ந்துபோகிற தொல்லையும் லேசரில் இல்லை. இதை அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னபோது சிரித்தார்.

"சிவகாசில குடியிருந்துக்கிட்டு பிரிண்டர் வாங்குறீகளா? எம்புட்டு லட்சம் வேணும், சொல்லுங்க. சாயங்காலம் லோடு ஏத்தி விடுறேன்."

"ஒண்ணு."

"ஒரு லட்சமா?"

"ஒரு தாள்."

சிரிப்பு நின்றது. இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் லட்சக்கணக்கில் அச்சடிக்கலாம். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால்... கடை திறக்க ஒன்பது மணி ஆகும்.

கேட்டில் நின்றவர் குருவம்மாள். பக்கத்துத் தெரு. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. பின்னால் அவர் மகள் மாரீஸ்வரி, பையும் தண்ணீர் பாட்டிலுமாக. அன்று மதுரையில் அவளுக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு.

"அண்ணே, நேத்து பெரிய பெட்டி ஒண்ணு இறக்குனீகள்ல... அது பிரிண்டர்தான?"

விஷயம் இதுதான். முந்தைய நாள் கடையில் எடுத்த ஹால் டிக்கெட்டில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் போட்டோ ஒட்டி, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். விடிகாலையில் பையில் எடுத்து வைக்கும்போதுதான் மாரீஸ்வரி அதைக் கவனித்திருக்கிறாள். பஸ் 6.15க்கு. துணைக்குப் போகும் தோழி ஏற்கெனவே ஸ்டாப்பில் நிற்கிறாள்.

"இவ உள்ள போயிரணும்ணே. அம்புட்டுதான்" என்றார் குருவம்மாள்.

5.31. டோனரைப் பிரித்தேன். குறிப்புத் தாளில் படம் போட்டே காட்டியிருந்தார்கள்: முதலில் குலுக்கு, பிறகு டேப்பை இழு. பத்திரிகையில் முப்பது வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியவன் நான். குறிப்புத் தாளையெல்லாம் படிப்பேனா? முதலில் டேப்பை இழுத்தேன். பிறகு குலுக்கினேன் — பலமாக.

மேஜை, தரை, என் வேட்டி... எல்லாம் கருப்புப் பொடி.

மூலையில் இருந்த விளக்குமாற்றை நோக்கி நான் ஓரடிதான் எடுத்து வைத்தேன்.

"தொடாதீக!"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நின்றுவிட்டேன்.

"அப்படியே நில்லுங்க. காலைத் தேய்க்காதீக. ஏய் மாரி, வெளிய போ. ஃபேனை அமத்து."

"எம்மா, இது உன் கம்பெனி இல்ல. பிரிண்டரும்மா."

"வாயை மூடிட்டு வெளிய நில்லுடி."

குருவம்மாள் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக. எங்கள் வீட்டில் தகடு இல்லை, கம்பிதான். தொட்டுவிட்டு, பழைய துணி கேட்டார். தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். பொடியின் மேல் அதை மெதுவாகப் படிய வைத்து, மடித்து எடுத்தார். தேய்க்கவே இல்லை.

"இது மருந்து இல்லம்மா. டோனர். மை."

"பொடியா இருந்தா எல்லாம் மருந்துதாண்ணே."

ஆறு நிமிடம். தரை பளிச்சென்று ஆனது. பிற்பாடு, ஆற அமர, குறிப்புத் தாளைப் படித்துப் பார்த்தேன். சிந்தினால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள் என்று போட்டிருந்தது.

5.47. டோனரை மாட்டி மூடினேன். பிரிண்டர் உறுமியது. பொறுத்திருக்கவும் என்றது. எவ்வளவு நேரம்? அதைச் சொல்லவில்லை. மாரீஸ்வரி போனில் மறுபடி மறுபடி அழுத்தினாள். முதல் தாள் முழுக்கக் கோடு கோடாக வந்தது. இரண்டாவது வெறுந்தாள். மூன்றாவது...

"வந்துருச்சு!" என்று எடுக்கப் போனவளின் கையைத் தாய் பிடித்துக்கொண்டார்.

"சுடுது. ஆறட்டும்."

"சும்மா வெதுவெதுப்புதாம்மா. நீ அங்கன தள்ளி நில்லு."

நிஜமாகவே தள்ளித்தான் நின்றார். பொடியும் சூடும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்று நான் விளக்கியபோது, என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரிஞ்சுமா வாங்குனீக?"

போட்டோ ஒட்டியாயிற்று. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குருவம்மாள் கையெழுத்துப் போட்டார். 6.04. மாரீஸ்வரி ஓடினாள்.

ஏழு மணிக்குக் குருவம்மாள் திரும்ப வந்தார், வேலைக்குக் கிளம்பியவராக. கையில் அவருடைய போன்.

"சீசன்ணே, லீவு தரமாட்டாக. கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. அவ பண்ணுவா, எடுத்துக் கேட்டுக்கோங்க."

போனைப் பிரிண்டர் பக்கத்தில் வைத்தேன். எட்டு மணி. எட்டரை. எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. இரண்டு சோதனைப் பக்கம் எடுத்தேன், நன்றாக வந்தது. துடைத்த மேஜையை இன்னொரு முறை துடைத்தேன். பரீட்சை எனக்கா?

9.08க்கு அடித்தது.

"மாமா, செக்கிங் முடிஞ்சிருச்சு. அந்த ரெண்டாவது தாளைத்தான் மொதல்ல கேட்டாக. போனை இங்கன குடுத்துட்டு உள்ள போறேன். அம்மாகிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிருறேன்" என்றேன்.

எப்படிச் சொல்வது? கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிடலாம். நம்பரும் தேடி எடுத்துவிட்டேன். ஆனால் வேலை நேரத்தில் ஆபீசிலிருந்து ஓர் ஆள் அவருடைய ஷெட்டைத் தேடி வேகமாக வந்தால், அந்த வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் முதலில் என்ன நினைப்பார்கள்? எங்கோ வெடித்துவிட்டது என்றுதானே.

கூப்பிடவில்லை.

குருவம்மாள் கம்பெனி வேனை விட்டு இறங்கியது மாலை 5.50க்கு. அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது.