பத்து போனுக்கு மேல் தாங்காத பெட்டி

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி விலை குறைந்தது. முன்னறையில் மாட்டினால் வாசல் வரைக்கும் எட்டும். நடுவில் ஒரு சுவர் வந்துவிட்டால் அடுப்படிக்கு அது குடத்துக்குள் வைத்த விளக்குதான். பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். பத்து போனுக்கு மேல் ஏறிவிட்டால் சூடாகித் திணறும். முதலில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று அதனிடம் சொல்லிவைக்க முடியாது. விலை கூடிய பெட்டிகளில் அதற்கும் வசதி உண்டாம்.

ஏரிக்கரையில் இருக்கும் பசியாவரத்தில் எங்கள் தெருப் பக்கமே டவர் எடுக்காது. அதனால் தெருவுக்கே பாஸ்வேர்ட் தெரியும். "உன் வூட்டு வெளக்கு வெளிச்சத்துல நாலு பேரு சோறு துன்னா வெளக்கு கொறைஞ்சா பூடும்?" என்பார் எதிர்வீட்டு அக்கா. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் முகத்துவாரத்துப் பக்கம் வலைக்குப் போயிருந்தார். ஏரி பெத்தவ, மொகத்துவாரம் மாமியா என்று இங்கே ஒரு சொல் உண்டு. முகம் எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வடக்கே கருத்தது. தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் என் கை நின்றுவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினால், தெருப் பெண்கள் எல்லாரும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். எல்லார் வீட்டு ஆளும் அங்கேதான். எல்லார் கையிலும் போன். எல்லாத் திரையிலும் வட்டம் சுற்றுகிறது, யாருக்கும் மணி போகவில்லை. பெட்டியைத் தொட்டேன், இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. அணைத்துப் போட்டேன். பழகிய போன்கள் எல்லாம் தாமாகவே மறுபடி ஏறிக்கொண்டன, மறுபடி வட்டம். கரண்ட் போனால் அதுவும் இல்லை. பெட்டிக்குள் பேட்டரி கிடையாது.

"ஒருத்தி போனு மட்டும் வெச்சிக்கினு மத்ததெல்லாம் அணைச்சிடலாம்" என்றாள் என் ஓரகத்தி.

எதிர்வீட்டு அக்கா போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் அணைச்சி வெச்ச நேரம் பாத்து அந்தாளு கூப்ட்டா? அதுவே கடைசி பேச்சா இருந்தா இன்னாமே பண்ணுவேன்?"

எனக்கும் அதே பயம்.

"அப்போ பாடு போடு" என்றாள் ஓரகத்தி.

ஏரியில் எந்த வலைக்கு எந்த இடம் என்று குலுக்கிப் பிரிப்பதைப் பாடு என்போம். பாடு விழுந்தபிறகு எங்களில் யாரும் மறுத்துப் பேசமாட்டோம். குண்டானில் இருந்த அரிசியைக் கொட்டிவிட்டு அதில் ஆளுக்கொரு பொருள் போட்டோம்: சாவி, வளையல், ஊக்கு. ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். அக்காவின் ஊக்கு.

ஒவ்வொருத்தியாகப் போனை அணைத்தோம். திரை இருண்டபோது என் வீட்டுக்காரர் கையை நானே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அக்காவுக்கு மணி போனது. ஸ்பீக்கரில் முதலில் காற்றுதான் வந்தது.

"யோவ், உசுரோட கீறியா?"

"கீறன்மே. மேட்டுல ஏறிட்டோம்."

"எதிர்வூட்டாரு?"

எல்லாரும் என்னைப் பார்க்காமல் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்தார்கள்.

"அவன் படகு கவுந்துச்சி. ஆள இஸ்துக்கினு வந்துட்டோம். தண்ணி குடிச்சிட்டான், பேச மாட்றான்."

"அவர் கிட்ட வையி போன" என்று அக்கா கத்தினார். காற்று. மறுபடி காற்று. பிறகு ஓர் இருமல், அடிவயிற்றிலிருந்து வரும் பீடி இருமல். எத்தனை ராத்திரி அதற்காகத் திட்டியிருப்பேன்.

"அவருதான்" என்றேன்.

அக்கா போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை, ஓரகத்தியிடம் தள்ளினேன். தன் வீட்டு ஆளைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நிறைய பேர் அணைத்த போனோடு நின்றார்கள்.