இராஜரட்ணத்தின் வழிவிடுகிற கை

நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்த பிறகுதான் இராஜரட்ணம் ஹெல்மெட்டை மாட்டுவான். கனடாவில், விட்பி நகரத்துக்கு அங்கால், சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ரேஸ் வளையத்தில் வெள்ளைக்காரர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பார்கள். "நசியட்டும், நாவூறு போகட்டும்" என்பான். அந்தக் காரைப் பார்த்து யார் நாவூறு படுத்தப்போகிறார்கள்? கதவு ஒரு நிறம், பொனற் இன்னொரு நிறம்.

கிழமை நாட்களில் ஸ்காபரோவில் கார் திருத்துகிறான். சனிக்கிழமை ரேஸ். ரூஜில் அடுத்தடுத்த வீடு என்பதால் என்னையும் வானில் ஏற்றிக்கொண்டு போவான். தொண்ணூற்று மூன்றிலிருந்து ஓடுகிறான். ஒரு கப் கிடையாது.

காரணம் அவனுடைய கை. ஊரில் பஸ் ஓட்டியவன். பின்னால் ஒருவன் முட்டிக்கொண்டு வந்தால் போதும், கை தானாக எழும்பி, போ, போ என்று வழிவிடும். ரேஸ் காரின் யன்னலில் வலை கட்டியிருக்கிறது, கையை வெளியே நீட்ட முடியாது. உள்ளே வைத்தே அசைப்பான். எல்லாரும் முந்திப் போவார்கள். இவன் கடைசியாக, மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆறுதலாக வந்து சேருவான்.

"ஏன்ரா விடுறாய்?"

"பாவம் அன்ரி, அவசரமா வாறான்."

"விசரா, உது ரேஸ். அவசரமில்லாதவன் இஞ்சை ஏன் வாறான்?"

இந்த வருடத்துக் கடைசி ரேஸ் அன்று மனைவி கோணேஸ்வரியும் வானில் ஏறினாள். ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இண்டைக்கும் கடைசியா வந்தியளெண்டா உந்தக் காரைப் பழைய இரும்புக்குக் குடுத்திடுவன். ஸ்னோ தள்ள இடமில்லை." சொன்னால் செய்கிறவள். அவன் தேசிக்காயை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கினான்.

வழக்கம்போல எல்லாரையும் அனுப்பிவிட்டான். பின்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிவப்புக் கார். கடைசிச் சுற்றில் அது இவனுடைய பின்பக்கத்தை முகர்ந்துகொண்டு வந்தது. வலைக்குப் பின்னால் கை எழும்புவது தெரிந்தது.

"ஐயோ, கையை இறக்குங்கோவப்பா!" கத்தியது கோணேஸ்வரிதான். காரை இரும்புக்குப் போட நின்றவள்.

"இறக்கடா கையை!" என்று நானும் கத்தினேன்.

அந்த இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்டிருக்கும்? எழும்பிய கை ஹெல்மெட்டை ஒருதரம் சொறிந்தது. பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தது. கொடி விழுந்தது. சிவப்புக் கார் பின்னால்.

"கடைசிக்கு முதல் ஆள்! என்ரை மனுசன் கடைசிக்கு முதல் ஆள்!" என்று கோணேஸ்வரி என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கியதில் என் பல்செட் கழன்றது. அவன் இறங்கி வந்து, சிவப்புக் காரின் சொந்தக்காரனைத் தேடிப் போய் "சொறி" சொன்னான்.

காரை வானுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். பிக்கரிங் தாண்டும்போது பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. இராஜரட்ணம் யன்னலைக் கீழே இறக்கினான். கையை முழுதாக வெளியே நீட்டி, ஆசை தீர அசைத்தான்: போ, போ.