வெறுங்கால் சர்வேயர்

நசுங்கிய காருக்குள் ஏறும் முன் அவர் ஷூவைக் கழற்றுகிறார். சாக்ஸையும் கழற்றிச் சுருட்டி ஷூவுக்குள் திணித்து, கண்ணாடித் தூள் இல்லாத இடமாகப் பார்த்து ஓரமாக வைக்கிறார். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ஓட்டுகிறவரின் இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் மிதியின் மேல் வெறுங்காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு நிமிடத்துக்குப் பேச்சு மூச்சு இருக்காது. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஷூ போட்டா மிதி பேசாது சார். தோல்ல பட்டாத்தான் அது வளைஞ்சிருக்கா, பிரேக்குல காத்து பூந்திருக்கான்னு தெரியும்" என்பார்.

இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டியைப் பார்த்து, யார் தப்பு என்று எழுதிக் கொடுப்பது தொழில். அதிலும் சூப்பர் கார் என்றால் கம்பெனி வேறு யாரையும் அனுப்பாது. ரோட்டோடு ஒட்டிப் படுத்திருக்கும் அந்த வண்டிகளுக்குள் நுழைய ஐம்பத்தாறு வயதில் அவர் படும் பாடு பார்க்கத் தமாஷாக இருக்கும். சொந்தமாக வைத்திருப்பது பெயின்ட் போன ஒரு சின்னக் கார். அதில் நாற்பதைத் தாண்டியதே கிடையாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போவார்கள். இவர் கண்ணாடியில் பார்த்து, இந்த ஆள் டயர் மாற்றி நாலு வருஷம் ஆகியிருக்கும் என்பார்.

தோளில் ஒரு பை. அதில் டார்ச், சாக்கட்டி, அளவு நாடா, அவர் பல் துலக்கி ஓய்வு கொடுத்த ஒரு பிரஷ். டயரின் ஓரத்தில் அது தயாரான வாரமும் வருஷமும் அச்சாகியிருக்குமாம். அந்த இடத்துச் சேற்றைத் தேய்த்து எடுக்கத்தான் பிரஷ். படுத்துக்கொண்டு தேய்ப்பார். சட்டை முழுக்கக் கறையோடு வீட்டுக்குப் போவார்.

ஷெட்டுகளில் அவருக்குக் கைப்பிசகு என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். எந்த வண்டியைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். ரிப்போர்ட்டில் அது 'ஓட்டுநர் தவறு' என்று சட்டை மாட்டிக்கொண்டு போகும்.

நான் அவரைத் தேடிப் போனது பத்திரிகைக்காக. சூப்பர் கார்கள் ஏன் இப்படிக் கம்பத்திலும் சுவரிலும் போய் முட்டிக்கொள்கின்றன, ஓட்டுகிறவன் தப்பா, வண்டியைச் செய்தவன் தப்பா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது கை சார். மிச்சம் ஒண்ணு கால்."

பிறகு பொறுமையாக விளக்கினார். டயர் சூடேறாமல் ரோட்டைப் பிடிக்காது. பையன் வாசலைத் தாண்டியதுமே மிதிப்பான். பின் சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்த வண்டிக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அமுக்கினால் அது அணைந்துவிடும். அணைத்தால்தான் வண்டி ஆட்டம் காட்டும் என்று எவனாவது கூட்டாளி ஏற்றிவிட்டிருப்பான். இவன் அணைத்துவிட்டு மிதிப்பான். அடுத்து கம்பம். இதில் வண்டி என்ன பாவம் செய்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு நசுங்கிய பானெட்டைத் தடவியும் கொடுத்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவர், பேச்சில் கெட்டிக்காரி. "வீட்டுல பால் பொங்கினாக்கூட அடுப்பு மேல தப்பே இருக்காதுங்க. நாந்தான்னு ரிப்போர்ட் வந்துரும்" என்றார். இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் போன வருஷம் எழுதிச் சிரித்திருக்கிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதினேன். அதைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அவரோடு சுற்றிய வாரத்தில் ஒரு விபத்து நடந்தது. ஓட்டியவர் பணக்கார வீட்டுப் பையன் இல்லை. ஷோரூமின் டெலிவரி டிரைவர். புது வண்டியை வாங்கியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று ஒரு ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி ஒரு சுற்றுச் சுற்றி விளக்குக் கம்பத்தில் போய் விழுந்தது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

விசாரணை ஷோரூமின் பின்கட்டில் நடந்தது. சர்வேயர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நின்றார். நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"நான் எதையும் அமுக்கல சார்" என்றார் டிரைவர்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க. பெட்டி பொய் சொல்லாதுல்ல?"

பெட்டி என்றது வண்டிக்குள் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் கருவியை. மோதுவதற்கு இரண்டு விநாடி முன்னால் பொத்தான் அமுக்கப்பட்டது, வழுக்கல் தடுப்பு அணைந்தது என்று அதில் இருந்தது. சர்வேயர் வழக்கம்போல ஷூவைக் கழற்றி உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, பொத்தானை அமுக்கியும் பார்த்தார். கட்டைவிரலில் நன்றாகத் தெரிகிற மாதிரி அது அசைந்து கொடுத்தது. தெரியாமல் அமுக்க வாய்ப்பே இல்லை என்று எழுதினார். டிரைவரின் வேலை போனது, லைசென்சை முடக்கிவைத்தார்கள். ஓட்டிப் பார்க்கும் ஆசையில் அடுத்தவர் வண்டியை உடைத்தவர் என்ற பெயர் மட்டும் தங்கியது.

அந்தப் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். புது வண்டியின் ஸ்டியரிங்கில் கறை படக்கூடாது என்று ஷோரூம்காரர்கள் டெலிவரி டிரைவர்களுக்குத் தடித்த வெள்ளைக் கையுறை கொடுத்திருப்பார்கள். விபத்து நடந்த இடத்துப் படத்தில் அது அவர் கையில் இருந்தது. 'வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஊரான் காரில் மாப்பிள்ளை ஊர்வலம் போன ஆசாமி' என்று எழுதினேன். அந்த வரியைப் பாராட்டி மூன்று பேர் கடிதம் போட்டார்கள். சந்தோஷமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து அதே மாடல் வண்டி ஒன்று வந்தது. பார்க்கிங்கில் வேறொரு கார் உரசிய கீறல், அவ்வளவுதான். படம் எடுக்க நானும் போயிருந்தேன். மறுபக்கத்தைப் பார்க்க வண்டியை ஷோரூம் முற்றத்தில் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. கையுறை இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ரூல் சார் என்று ஷோரூம் பெண் ஒரு ஜோடியை நீட்டினாள். "எனக்கும் மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று சர்வேயர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மாட்டிக்கொண்டார். காலில் ஒன்றும் இல்லை, கையில் வெள்ளைக் கையுறை. அந்தக் கோலத்தைப் படம் எடுத்துவிட்டு நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

முற்றத்துத் தூணைச் சுற்றித் திருப்பினார். பழைய டிரைவர்கள் செய்கிற மாதிரி உள்ளங்கையை ஸ்டியரிங்கில் அழுத்தி ஒரே சுழற்றாகச் சுழற்றினார். எதிரே கருவிப் பலகையில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, வழுக்கல் தடுப்பு அணைந்துவிட்டது என்று. வண்டி நின்றது.

"நான் எதையும் அமுக்கலையே" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பொத்தான் ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில், கட்டைவிரலின் அடிச்சதை வந்து உட்காருகிற இடத்தில் இருந்தது. அதே தூணைக் கையுறையோடு இருபது முறை சுற்றினார். ஆறு முறை விளக்கு எரிந்தது. ஆறிலும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இருபது முறை சுற்றினார். ஒரே முறை எரிந்தது, அதுவும் உடனே விரலுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி பொய் சொல்லியிருக்கவில்லை. பொத்தான் அமுங்கியது என்று மட்டும்தான் அது சொன்னது. வேண்டுமென்றே அமுக்கினார் என்று சேர்த்துக்கொண்டது இவர்.

"கால வெறுங்காலாக்கத் தெரிஞ்சுச்சு. அந்த மனுஷன் கையில என்ன போட்டிருந்தார்னு பாக்கத் தெரியல சார்."

வண்டியை விட்டு இறங்கி நேராக வாசலுக்கு நடந்தார். ஜல்லிக்கல் பரப்பிய பாதை. ஷூ முற்றத்திலேயே கிடந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தப் படங்களை இன்று வரை எங்கும் போடவில்லை.

அன்றே இரண்டாவது ரிப்போர்ட் எழுதினார். முப்பது வருஷத்தில் தன் ரிப்போர்ட்டைத் தானே மறுத்து எழுதியது அதுதான் முதல் தடவை. மூடிய ஃபைலை யாராவது திறப்பார்களா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். இவரே பிரதி எடுத்து லைசென்ஸ் ஆபீஸுக்கும், ஷோரூமுக்கும், வண்டியைச் செய்த கம்பெனிக்கும் அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில். இப்போது இவருக்கு ஸ்கூட்டர் விபத்துகள்தான் வருகின்றன. அதற்கும் ஷூவைக் கழற்றுகிறார்.

அந்த ரிப்போர்ட் போன பிறகும் டிரைவரைப் போய்ப் பார்க்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு தடவை கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருக்கிறார். மனைவி ஒன்றும் கேட்கவில்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார். "ரிப்போர்ட் எழுத தைரியம் இருந்துச்சு. மூஞ்சியப் பாக்கத்தான் இல்ல" என்றார். கூட வருகிறேன் என்றேன். எனக்கும் அங்கே வேலை இருந்தது.

டிரைவர் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்தத்தில், அடித்தளத்தில், வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடும் வேலையில் இருந்தார். கண்ணாடிக் கூண்டு, ஒரு ஸ்டூல், மேஜையில் ஒரு பச்சைப் பொத்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று ஸ்டூலைச் சர்வேயர் பக்கம் நகர்த்தினார். சர்வேயர் உட்காரவில்லை. ஸ்டூல் நடுவில் காலியாக இருந்தது.

கார் வரும்போதெல்லாம் டிரைவர் இடது கை விரலால்தான் பொத்தானை அமுக்கினார். வலது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது. தோள் இன்னும் ஆறவில்லையா என்று கேட்டேன்.

"தோள் நல்லாயிருச்சு சார். கைதான்." சிரிக்கப் பார்த்தார். "அமுக்குனது பெட்டியிலயே இருக்குன்னு சார் சொன்னாங்க. அப்ப நாந்தானே அமுக்கிருப்பேன்? எனக்கே தெரியாம என் கை ஒரு காரியம் பண்ணுதுன்னா அத எப்படி நம்புறது? வீட்டு வண்டியக்கூட இப்ப என் பொண்ணுதான் ஓட்டுறா."

கோபப்பட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் அந்த ரிப்போர்ட்டை நம்பியிருந்தார்.

என் பங்கைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். பத்திரிகையின் பெயரைச் சொன்னதும், "பொண்ணு படிச்சா சார்" என்றார். வாசலில் வந்து நின்ற ஒரு காருக்குக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கை அமுக்குனது நெசம். தப்பு உங்களது இல்லைங்க. பொத்தான் வச்ச எடம் தப்பு. அந்தக் கையுறை தப்பு. அத மாட்டிப் பாக்காம எழுதினது என் தப்பு." எங்கோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டிரைவருக்குப் புரியவில்லை. எப்படி சார் என்றார்.

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். கூண்டுக்குள் நின்றபடியே, இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தார். உள்ளங்கையை அழுத்தி வலது பக்கமாகச் சுழற்றினார். பாதிச் சுற்றில் நிறுத்தி, கட்டைவிரலின் அடிச்சதை எங்கே போய் உட்காருகிறது என்று காட்டினார். டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். வலது கை மெல்லப் பையிலிருந்து வெளியே வந்தது.

வாசலில் இரண்டு கார்கள் நின்று ஹாரன் அடித்தன.

"இன்னொரு தடவ காட்டுங்க சார்."

சர்வேயர் கையை மறுபடி மேலே தூக்கினார்.