தனிநாடு வீராசாமி

மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டி, "விடுதலை... விடுதலை... ஒன்னு, ரெண்டு, மூணு" என்கிறார் வீராசாமி. பெரிய காஞ்சிபுரத்தில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் தேரடியில் முதலில் கேட்பது இந்தக் குரல்தான். மேடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. தமிழ்நாடு தனிநாடாக வேண்டும் என்கிற தனிநாட்டு மன்றத்துக்கு இந்த ஊரில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் எலெக்ட்ரீஷியன் அந்தோணி. அவரும் மழை வந்தால் கூட்டத்துக்கு வரமாட்டார்.

மைக் செட் வாடகைக்கு விடுவது தொழில். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எதற்கும் போவார். ஆகஸ்ட் பதினைந்தில் மட்டும் கடையைப் பூட்டிவிடுவார். "நமக்கு இன்னும் வரலப்பா. வந்தா ஓசியிலயே கட்டித் தரேன்" என்பார். தேர்தலில் ஓட்டுப் போடக்கூடாது என்பது மன்றத்தின் விதி. வீராசாமி ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

தொண்ணூற்றாறு நகராட்சித் தேர்தலில் அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கித் தெருக்கிணறு கெட்டு, பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்த நேரம். குழாய்த் தண்ணீர் கேட்டு, அவர் மனைவி செல்லியம்மாள் சுயேச்சையாக நின்றார். வீடு வீடாக ஏறி இறங்கினார். வீராசாமி மைக் கட்டிக் கொடுத்தார். ஓட்டு மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று தேர்தல் புறக்கணிப்பு நோட்டீஸ் கொடுத்தார். "அண்ணி நிக்குதேண்ணா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக் கமலாட்சியிடம், "அது வேற, இது வேறமா. டெல்லிக்காரங்க தேர்தல்ல கை வெச்சா நாமளும் அவங்க ஆளுன்னு ஆயிடும்" என்றார்.

எண்ணி முடித்தபோது செல்லியம்மாளும் எதிர்த்து நின்றவரும் சமம். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வந்தது மற்றவர் பெயர்.

செல்லியம்மாள் அழவில்லை. "எதிர்லதானய்யா நின்னுக்கினு இருந்த? ரோட்டத் தாண்டி வர முடியலியா உன்னால?" என்று ஒரே தடவை கேட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் வீராசாமிக்குப் பொறுத்துக்கொள்ள வழி இருந்திருக்கும். தெருவில் யாராவது தண்ணீரைப் பற்றிப் பேசினால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்தொன்றில் அவராகவே கேட்டார். "இந்த வாட்டி நில்லு செல்லி. நான் வந்து போடறேன்."

"வேணாய்யா. எனக்கு அந்த ஆசையே போயிடுச்சி."

ஆனாலும் தேர்தலன்று வீராசாமி சாலையைத் தாண்டிப் போனார். வாக்குச்சீட்டில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை படித்தார். முத்திரை குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டார். அந்தோணியிடம் சொல்லவில்லை.

வீட்டில் செல்லியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஈரக் கையால் அவருடைய இடது கையைப் பிடித்து, மை வைத்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, களைந்த தண்ணீரை வடித்தார்.